வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு ஆங்கில இறந்தகாலம்

செட்டிநாட்டுப் பக்கம், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ ஒரு பழைய வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதி வரவேற்பறையில் இருக்கலாம். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையில், வெளிநாட்டார் வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டியவராகவும் இருக்கலாம். உங்கள் பேச்சில் முக்கால்வாசி நடந்து முடிந்த கதைதான். வீட்டை யார் கட்டினார்கள், தேக்கு எங்கிருந்து வந்தது, குடும்பம் எந்த ஊருக்குத் தொழிலுக்குப் போனது, ஏன் திரும்பி வந்தது. "நிலை தாழ்வு, தலையைப் பார்த்துக்குங்க" என்பதை விட்டால் நிகழ்காலத்தில் சொல்ல அதிகம் இல்லை.

இலக்கணப் புத்தகங்கள் இறந்தகாலத்தை நான்கு கட்டமாகப் பிரித்து நான்குக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கும். அதைப் படித்துவிட்டு வருகிறவர் நான்கையும் கலந்துகட்டிப் பேசுவார். அது தேவையில்லை. வந்தான், போனான் என்று நடந்து முடிந்ததை நேராகச் சொல்லும் சிம்பிள் பாஸ்ட் ஒன்றைப் பிழையில்லாமல் பேசினாலே வீட்டின் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கூட்டிப் போய்விடலாம். மற்றவை அங்கங்கே ஒரு காரணத்தோடு வருபவை. அந்தக் காரணம் தெரிந்தால் போதும்.

முதல் படி: சிம்பிள் பாஸ்ட்

தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் "கேம்" ஒன்றுதான். "ஹி கேம்", "ஷி கேம்", "த டீக் கேம் ஃப்ரம் பர்மா". விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ஒருமைக்கு "வாஸ்", பன்மைக்கும் "யூ" என்பதற்கும் "வேர்".

வினைகளில் பாதிக்கு மேல் கடைசியில் ஒரு ட் சேர்த்தால் முடிந்தது. சிக்கல் உச்சரிப்பில். "பாலிஷ்ட்", "குக்ட்", "லிவ்ட்", "ஓப்பன்ட்" என்று கடைசி மெய்யோடு ஒட்டி நிற்க வேண்டும். "குக்கெட்", "லிவ்வெட்" என்று எழுத்தைப் பார்த்து வாசிப்பது தவறு. "குக்டு" என்று உகரம் போட்டு முடிப்பது நம் நாக்கின் பழக்கம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், அதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வினையே ட் ஒலியில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: "பெயின்டட்", "வான்டட்", "டொனேட்டட்".

மீதி வினைகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அலுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. செய்த, உண்ட, தின்ற, ஓடின என்று நம் இறந்தகாலமும் த், ட், ற், இன் என நாலு விதமாகப் பிரிந்துதான் கிடக்கிறது. பிறந்ததிலிருந்து பேசுவதால் நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். அகராதியின் பின்பக்கப் பட்டியலை முழுதாகப் படிக்காதீர்கள். உங்கள் வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். பிரிங் – பிராட், பை – பாட், திங்க் – தாட் என ஒரே ஒலியில் முடிபவை ஒரு கூட்டம். செல் – சோல்ட், டெல் – டோல்ட் இன்னொரு கூட்டம். கம் – கேம், கோ – வென்ட், கிவ் – கேவ், டேக் – டுக், மேக் – மேட், லீவ் – லெஃப்ட், லூஸ் – லாஸ்ட், ரைட் – ரோட் எல்லாம் தனித்தனி. "கட்", "புட்", "காஸ்ட்" மாறவே மாறாது. அப்புறம் உங்களுக்கு நாள் முழுக்க வேண்டிய சொல்: பில்டு – பில்ட். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இறந்தகால வடிவத்தில் கடைசி ஒலி "பட்டு" என்பதில் வரும் ட்ட் போல வல்லினமாக விழ வேண்டும்.

எதிர்மறையும் கேள்வியும் வந்தால் "டிட்" வரும். "டிட்" வந்துவிட்டால் வினை பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். "தே டிட் நாட் கம் பேக்" சரி. "தே டிட் நாட் கேம் பேக்" தவறு. இறந்தகாலத்தை "டிட்" சுமந்துகொண்டிருக்கிறது, வினையும் சேர்ந்து சுமக்க வேண்டியதில்லை. பல வருஷம் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் இந்தப் பிழை நிற்கிறது. முதல் வாரத்திலேயே களைந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வருஷத்தைச் சொல்வது

"நூறு வருஷத்துக்கு முன்னால்" என்பதை அப்படியே மாற்றி "பிஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ்" என்போம். ஆங்கிலத்தில் அது "எ ஹண்ட்ரட் இயர்ஸ் அகோ". இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எப்போதும் "அகோ"தான், அதுவும் கடைசியில்தான் வரும். ஒரு சம்பவத்துக்கு முன்னால் என்றால்தான் "பிஃபோர்": "பிஃபோர் த வார்".

ஆண்டுக்கு "இன்", தேதிக்கு "ஆன்". கானாடுகாத்தான் அரண்மனையை ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது 1912இல். அதைச் சொல்லும்போது "இன் நைன்டீன் டுவெல்வ்" என்று இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று முழுதாக ஆரம்பித்தால் கேட்பவர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார், அடுத்த வாக்கியம் காதில் விழாது.

மூன்றாம் படி: கட்டியவர் பெயர் தெரியாதபோது

"இந்தத் தூண் பர்மாத் தேக்கு, ஒரே மரத்தில் செஞ்சது." யார் செய்தார்? தெரியாது, தேவையும் இல்லை. இந்த இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டும். "வாஸ்" அல்லது "வேர்", அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம் (கோ – வென்ட் – கான் என்ற வரிசையில் மூன்றாவதாக வருவது). "த ஹவுஸ் வாஸ் பில்ட்", "த பில்லர்ஸ் வேர் பிராட் பை ஷிப்", "த மார்பிள் வாஸ் இம்போர்ட்டட் ஃப்ரம் இட்டலி". தமிழில் "கட்டப்பட்டது, கொண்டுவரப்பட்டது" என்று வரிசையாகப் பேசினால் அரசாணை வாசிப்பது போலிருக்கும். ஆங்கிலத்தில் அந்த உறுத்தல் கிடையாது, சாதாரணப் பேச்சிலேயே தாராளமாக வரும். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

சுவரைத் தொட்டுப் பார்த்து, "ஏன் இவ்வளவு வழவழப்பு?" என்று எல்லோரும் கேட்பார்கள். "த வால்ஸ் வேர் பிளாஸ்டர்ட் வித் லைம் அண்ட் எக் ஒய்ட்" என்றால் போதும். அதன் பிறகு அவர்களே சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் கொஞ்சம் மூச்சு விடலாம்.

நான்காம் படி: "ஹேவ்", "ஹேஸ்" எப்போது

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இதற்கு மட்டும் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

தமிழில் "வந்தார்" என்றும் சொல்கிறோம், "வந்திருக்கிறார்" என்றும் சொல்கிறோம். இரண்டாவதை "ஹேஸ் கம்" என்று ஆங்கிலமாக்கப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். பாதி நேரம் அது சரியாக வரும். மீதி நேரம் கவிழ்த்துவிடும். காரணம், "அவர் நேத்தே வந்திருக்கார், நமக்குத்தான் தெரியலை" என்று தமிழில் நேற்றையும் "இருக்கிறார்" என்பதையும் ஒரே வாக்கியத்தில் தாராளமாக வைக்கலாம். தடயத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லும்போதும் "இருக்கிறார்" வரும். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் "ஹேவ்", "ஹேஸ்" வரக் கூடாது. நேற்று, போன வருஷம், 1912இல், "அகோ" – இதில் எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட்தான். "ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே" தவறு, "ஹி கேம் எஸ்டர்டே" சரி.

இடையில் ஒரு சங்கதி. இந்தப் பக்கம் பிரான்ஸ்காரர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களும் இதே பிழையைச் செய்வார்கள், ஏனென்றால் அவர்கள் மொழியின் பேச்சு வழக்கில் நேற்று நடந்ததற்கும் "ஹேவ்" போன்ற ஒரு துணைவினை வரும். அவர்கள் "ஐ ஹேவ் சீன் இட் லாஸ்ட் இயர்" என்றால், அதைக் கேட்டு உங்கள் வாக்கியத்தை மாற்றிவிடாதீர்கள்.

அப்படியானால் "ஹேவ்" எதற்கு? அன்று தொடங்கி இன்றுவரை அறுபடாமல் வருவதற்கு. குடும்பம் இன்னும் அதே வீட்டில் இருக்கிறது என்றால் "த ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ்". வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்றால் "ஹேஸ்" இல்லாமல் "லிவ்ட்" மட்டும். இந்த ஒரு சொல் இருப்பதா இல்லையா என்பதை வைத்தே, வீட்டுக்காரர்கள் உள்ளே இருக்கிறார்களா என்பதைக் கேட்பவர் தெரிந்துகொண்டுவிடுவார்.

இதே வேறுபாடு ஆளைப் பற்றிப் பேசும்போதும் உண்டு. மறைந்தவர் செய்ததற்குச் சிம்பிள் பாஸ்ட். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவரைப் பற்றி "ஹி ரோட் தவுசண்ட்ஸ் ஆஃப் சாங்ஸ்" என்றுதான் வரும். "ஹேஸ் ரிட்டன்" என்றால் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றாகும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இலக்கணம் விடாது. வீடு அப்படியில்லை. அது நம் கண்முன் நிற்கிறது. ஆகவே "இட் வாஸ் பில்ட் எ செஞ்சுரி அகோ" என்று பிறப்பை ஒரு வாக்கியத்திலும், "இட் ஹேஸ் அப்பியர்ட் இன் மெனி ஃபிலிம்ஸ்" என்று வாழ்வை அடுத்த வாக்கியத்திலும் சொல்லலாம்.

கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்". "ஃபார் டென் இயர்ஸ்", "சின்ஸ் 2015". இங்கே தமிழ் ஒரு பொறி வைத்திருக்கிறது. "பத்து வருஷமா இங்கதான் வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்வோம். அது அப்படியே "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று வந்து விழும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று பழகுங்கள். இந்தக் கேள்வியை வருகிறவர்களில் பலரும் கேட்பார்கள், ஆகவே பதில் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: "ஹேட்" போடுவதைக் குறையுங்கள்

இறந்தகாலம் என்றாலே "ஹேட்" போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு நம் நாட்டில் பரவியிருக்கிறது. "ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே" என்பார்கள். "வென்ட்" போதும். "ஹேட்" என்பது முன்னதற்கும் முன்னது. கதை ஒரு இடத்தில் நிற்கும்போது, அதற்கும் பின்னால் ஒரு அடி திரும்பிப் பார்ப்பதற்கு மட்டும்தான் அது.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் நிலையம் திறக்கப்பட்டது. நடந்த வரிசையிலேயே சொன்னால் எல்லாம் சிம்பிள் பாஸ்ட்: "கேவ்", "லெய்ட்", "ஓப்பன்ட்". ஒரு "ஹேட்"டும் வேண்டாம். திறப்பிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போனால்தான் வேண்டும்: "த இன்ஸ்டிட்யூட் ஓப்பன்ட் இன் 1953. நேரு ஹேட் லெய்ட் த ஃபவுண்டேஷன் ஸ்டோன் ஃபைவ் இயர்ஸ் எர்லியர்."

"ஹேட்" உண்மையாகவே கதையைத் தாங்கும் இடமும் உண்டு. 1942இல் ஜப்பான் படை பர்மாவின் ரங்கூனுக்குள் நுழைந்தது. "வென் த ஜாப்பனீஸ் என்டர்ட் ரங்கூன், மெனி ஃபேமிலிஸ் ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்." படை வந்தபோது பலர் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்கள். இங்கே "ஹேட்" இல்லாமல் "லெஃப்ட்" மட்டும் வைத்தால், படை வந்த பிறகு கிளம்பினார்கள் என்று பொருள் மாறிவிடும். நடந்தே ஊர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். எது முந்தி, எது பிந்தி என்பதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

ஆறாம் படி: தொடர்ந்துகொண்டிருந்தது

இது சுலபம். "ஊற்றிக்கொண்டிருந்தார்" என்றால் "வாஸ் போரிங்". ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்தால் நீண்டதற்கு "வாஸ்" வடிவம், குறுக்கே வந்ததற்குச் சிம்பிள் பாஸ்ட். "ஹி வாஸ் போரிங் த கலர் வென் வீ கேம் இன்": நாங்கள் பட்டறைக்குள் போனபோது டைல்ஸ் போடுகிறவர் கண்ணாடி மேல் இருந்த அச்சில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரே எச்சரிக்கை. நிலையைச் சொல்லும் வினைகளுக்கு இந்த வடிவம் ஒட்டாது. "ஐயா பினாங்குல கடை வச்சிருந்தார்" என்பதை "ஹி வாஸ் ஹேவிங் எ ஷாப்" என்று சொல்லாதீர்கள். "ஹி ஹேட் எ ஷாப்". "வாஸ் பிலாங்கிங்" கிடையாது, "பிலாங்ட்". "வாஸ் நோயிங்" கிடையாது, "நியூ".

ஏழாம் படி: "அப்பல்லாம் செய்வாங்க"

வழிகாட்டுகிறவருக்கு மிக உதவும் வடிவம் இது. புத்தகங்கள் ஏனோ கடைசியில் ஒரு மூலையில் வைத்துவிடுகின்றன.

வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். "அப்பல்லாம் வளவுல (நடு முற்றத்துல) நெல்லுக் காயும். கல்யாணம்னா ஊரே இங்கதான் சாப்பிடும். ஐயா பர்மாவுலேருந்து மாசம் ஒரு கடுதாசி போடுவார்." காயும், சாப்பிடும், போடுவார். எல்லாம் பழைய கதை, ஆனால் வினை வடிவமோ எதிர்காலம். வழக்கமாக நடந்ததைத் தமிழ் இப்படித்தான் சொல்கிறது. இதை நினைவில் வைக்காமல் ஆங்கிலத்துக்குப் போனால் "ஹி வில் ரைட் எ லெட்டர் எவ்ரி மன்த்" என்று வரும். கேட்பவர் ஐயா இன்னும் ரங்கூனில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு ஆங்கிலத்தில் "யூஸ்ட் டு" இருக்கிறது. "ஹி யூஸ்ட் டு ரைட் எ லெட்டர் எவ்ரி மன்த்." ஒரு முறை இப்படி ஆரம்பித்துவிட்டால், தொடர்ந்து வரும் வாக்கியங்களில் "வுட்" என்று சுருக்கிக்கொள்ளலாம்: "ஹிஸ் ஒய்ஃப் வுட் வெயிட் அட் த ஃப்ரன்ட் டோர்." ஆனால் "வுட்" என்பது திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு மட்டும். "இங்கே ஒரு கிணறு இருக்கும்" என்பது நிலை. அதற்கு "தேர் யூஸ்ட் டு பி எ வெல் ஹியர்" என்பதுதான் சரி, "வுட் பி" சரியில்லை.

"யூஸ்ட் டு" இன்னொன்றையும் சொல்லாமல் சொல்லும்: இப்போது அப்படி இல்லை. இன்னும் நடக்கும் வழக்கத்துக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு வீட்டில் இன்னும் வெள்ளைப் பணியாரம் சுடுகிறீர்கள் என்றால் "வீ யூஸ்ட் டு மேக்" என்று சொல்லி அதை ஒழித்துக்கட்ட வேண்டாம். "வீ ஸ்டில் மேக் இட்" என்று சொல்லுங்கள். ருசி பார்க்கக் கேட்டாலும் கேட்பார்கள்.

எட்டாம் படி: கேள்விப்பட்டதைச் சொல்வது

"மாடி ஜன்னல் கண்ணாடியெல்லாம் பெல்ஜியமாம்." இந்த "ஆம்" இருக்கிறதே, நான் பார்க்கவில்லை, சொன்னார்கள் என்ற பொறுப்பை ஓர் அசையில் முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனியாகச் சொல் சேர்க்க வேண்டும். வாக்கியத்தின் முன்னால் "தே சே" அல்லது "ஐ வாஸ் டோல்ட்" என்று வையுங்கள். "தே சே த கிளாஸ் கேம் ஃப்ரம் பெல்ஜியம்." ஆவணம் இருக்கும் விஷயத்தை நேராகச் சொல்லுங்கள், குடும்பத்தில் சொல்லிவரும் கதையை இந்த முன்னொட்டோடு சொல்லுங்கள். வருகிறவர்களில் சிலர் கட்டடக்கலைப் பேராசிரியர்களாக இருப்பார்கள். நேராகச் சொன்ன ஒரு தப்பு மொத்தப் பேச்சையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

பயிற்சியும் கேள்விகளும்

தினம் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து வாக்கியம் உரக்கச் சொல்லுங்கள். திண்ணைக்கு ஒரு நாள், முகப்புக்கு ஒரு நாள், வளவுக்கு இரண்டு நாள். ஃபோனில் பதிவு செய்து, இரவு கேட்கும்போது "டிட்"டுக்குப் பின்னால் வினை என்னவாயிற்று, தேதிக்குப் பக்கத்தில் "ஹேவ்" நுழைந்துவிட்டதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் தேடினால் அடுத்த நாள் வாயே திறக்காது.

கேள்விகளுக்குப் பதில் சொல்வது நினைப்பதைவிட எளிது. கேட்கிறவர் எந்த வடிவத்தில் கேட்கிறாரோ அதே வடிவத்தில் பதிலைத் தொடங்குங்கள். "வென் டிட் தே லீவ் பர்மா?" என்றால் "தே லெஃப்ட்". "ஹவ் லாங் ஹேவ் யூ லிவ்ட் ஹியர்?" என்றால் "ஐ ஹேவ் லிவ்ட்". "டிட் தே யூஸ் டு குக் ஹியர்?" என்றால் "யெஸ், தே டிட்". "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஹேவ்". அமெரிக்கர்கள் அதையே "டிட் யூ ஈட்?" என்பார்கள், அதற்கு "யெஸ், ஐ டிட்". அவர் போட்டுக் கொடுத்த வழியிலேயே நடந்தால் பாதி யோசனை மிச்சம்.

நீங்கள் கேட்கும் முறைக்கும் ஒரு குறிப்பு. விடுதி வேலையில் இறந்தகாலம் மரியாதைக்கும் வரும். "டூ யூ வான்ட் காபி?" என்பது தப்பில்லை, கொஞ்சம் வெறுமையாக இருக்கும். "வுட் யூ லைக் சம் காபி?" என்றால் பதமாக இருக்கும். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் "ஐ வான்டட் டு ஆஸ்க்" என்று தொடங்கலாம். நேற்றுக் கேட்க நினைத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ஒண்ணு கேக்கலாம்னு நெனச்சேன்" என்று நாம் இழுப்பதும் அதே கணக்குத்தான்.